நைஸ் என்றால் நல்லவளா?

கேள்வி, ஜனவரி 9

பழைய ஆங்கிலக் கடிதங்கள் சிலவற்றை எனக்காகவே தமிழில் பெயர்த்து வருகிறேன். ஒரு கடிதத்தில் ஒருத்தி தன் தங்கையைப் பற்றி, 'ஷீ இஸ் டூ நைஸ் இன் ஹர் ஃப்ரெண்ட்ஷிப்ஸ்' என்று எழுதுகிறாள். 'நட்பில் அவள் ரொம்ப நல்லவள்' என்று போட்டேன். ஆனால் அடுத்த வரியே, 'அதனால்தான் தனியாக இருக்கிறாள்' என்று வருகிறது. ரொம்ப நல்லவள், அதனால் தனியாக இருக்கிறாளா? எங்கே இடறுகிறேன்?

ஜனவரி 9, இரவு

நீங்கள் போட்டது சரிதான் என்று தோன்றுகிறது. 'டூ' என்ற சொல்லைக் கவனியுங்கள். அளவுக்கு மீறி நல்லவள். எல்லோருக்கும் விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து, கடைசியில் ஒருவரும் மதிக்காமல் தனியாக நிற்பவர்களை நாம் பார்த்ததில்லையா? 'நட்பில் அளவு கடந்த நல்லவள்' என்று மாற்றினால் அடுத்த வரியோடு ஒட்டும்.

ஜனவரி 10, காலை

நேற்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். இன்றைய பொருளைக் கொண்டுபோய்ப் பழைய கடிதத்தில் ஒட்டிவிட்டேன். கடிதம் எந்த ஆண்டு எழுதியது என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். 'இனிமையான' என்ற பொருளில் நைஸ் எழுத்தில் தென்படத் தொடங்குவது 1769 வாக்கில்தான். 'அன்பான, பிறர் மனம் நோகாமல் நடக்கிற' என்ற பொருள் அதற்கும் பிந்தியது, 1830 வாக்கில். கடிதம் அதற்கு முந்தியது என்றால் நான் சொன்ன 'நல்லவள்' அங்கே இருக்கவே முடியாது.

ஆண்டு என்ன?

ஜனவரி 10, மதியம்

1741 என்கிறார். சரி, நல்லவள் போய்விட்டாள்.

சாமுவேல் ஜான்சனின் அகராதி 1755இல் வெளிவந்தது. உங்கள் கடிதத்துக்குப் பதினான்கு வருடம் பிந்தியது, ஏறக்குறைய அதே காலத்து ஆங்கிலம். அதில் நைஸ் என்ற சொல்லுக்கு, இம்மி பிசகாமல் எடை போடுகிறவர், தேவைக்கு மேலேயும் நுணுகிப் பார்க்கிறவர் என்ற பொருளே முன்னால் நிற்கிறது. ஆகவே 'நட்பில் நுட்பமானவள்' என்று இப்போதைக்குப் போட்டு வையுங்கள். எனக்கு அது முழுசாகத் திருப்தி இல்லை. நுட்பமானவள் ஏன் தனியாக இருக்க வேண்டும் என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது. யோசிக்கிறேன்.

ஜனவரி 11

இந்தச் சொல்லிடம் நான் ஏற்கெனவே ஒரு தடவை மாட்டிக்கொண்டவன். அதைச் சொல்லிவிடுகிறேன்.

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு சட்டக் கட்டுரையை மொழிபெயர்க்கக் கொடுத்தார்கள். தட்டச்சு செய்த பதினாறு பக்கம். நாலாம் பக்கத்தில் 'எ நைஸ் கொஸ்டின் ஆஃப் லா' என்று வந்தது. ஒரு நொடிகூட நிற்காமல், 'இங்கே சட்டம் பற்றிய நல்ல கேள்வி ஒன்று எழுகிறது' என்று எழுதிக்கொண்டு போய்விட்டேன். மெய்ப்புப் பார்த்தவர் ஓய்வு பெற்ற வழக்கறிஞர். பிழை கண்டால் சிவப்பு மையில் வட்டம் போடுகிற ஆள் இல்லை. 'நல்ல' என்ற சொல்லுக்கு அடியில் பென்சிலால் மெல்லிசாக ஒரு கோடு. ஓரத்தில் குட்டி எழுத்தில், 'யாருக்கு நல்ல?' அவ்வளவுதான்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன். வாதிக்கா, பிரதிவாதிக்கா, நீதிபதிக்கா, கேள்வி யாருக்கு நல்லது என்று கேட்டார். விழித்தேன். பக்கத்திலிருந்த பேனாவை எடுத்து ஒரு விரல்மேல் குறுக்காக நிறுத்தினார். இந்தப் பக்கம் சாய்கிற மாதிரி இருந்தது, அப்புறம் அந்தப் பக்கம். "தராசு முள் எந்தப் பக்கமும் சாயாம நடுங்குது பாருங்க தம்பி, அந்த மாதிரிக் கேள்விக்குத்தான் நைஸ்னு பேரு" என்றார்.

இரண்டு தரப்பிலும் கிட்டத்தட்ட சமமான நியாயம். வித்தியாசம் மயிரிழை. அந்த மயிரிழையைக் கண்டுபிடிக்கக் கூர்மையான கண் வேண்டும். 'நுண்ணிய சட்டக் கேள்வி' என்று மாற்றிக் கொடுத்தேன், தலையாட்டினார். இன்றைக்கும் ஆங்கிலத்தில் 'நைஸ் பாயின்ட்', 'நைஸ் டிஸ்டிங்ஷன்' என்று வந்தால் எனக்கு அந்தப் பேனாதான் கண்ணில் ஆடுகிறது. முதலாவது, தீர்ப்புச் சொல்லச் சிரமமான நுண்புள்ளி. இரண்டாவது, லேசில் கண்ணுக்குப் படாத வேறுபாடு. பாராட்டுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமே இல்லை.

அந்தப் பழைய பொருள் இன்றைய ஆங்கிலத்தில் இன்னும் சாகவில்லை. 'நைசெட்டி' என்ற பெயர்ச்சொல்லில் அது பத்திரமாக இருக்கிறது. 'லீகல் நைசெட்டீஸ்' என்றால் சட்ட நுணுக்கங்கள், சட்ட இனிமைகள் இல்லை. இனிமைக்கு 'நைஸ்னஸ்' என்று தனியாக ஒன்று இருக்கிறது.

ஜனவரி 12

நீஸ் நகரமும் இந்த நைஸும் ஒன்றா என்று கேட்டிருக்கிறார்கள். எழுத்துக் கூட்டல் ஒன்று, உறவு கிடையாது. பிரான்சின் தென்கரையில் உள்ள அந்த ஊரின் பேர் 'நிக்கேயா' என்ற கிரேக்கப் பேரிலிருந்து வந்தது, வெற்றியைக் குறிக்கிற சொல். உச்சரிப்பும் நீஸ்தான். நேர்மாறாக, வரி வரியாகப் பட்டை ஓடுகிற ஒருவகை உருமாறிய பாறைக்கு ஆங்கிலத்தில் நைஸ் என்றே உச்சரிப்பு. எழுதும்போது முன்னால் ஒரு ஊமை எழுத்து நிற்கும். அதற்கும் இதற்கும் உறவில்லை.

ஜனவரி 13

இந்தச் சொல்லின் பிறப்பைத் தனியாக எழுதியே ஆக வேண்டும்.

லத்தீனில் 'நெஸ்கியுஸ்'. 'நெ' என்றால் இல்லை, 'ஸ்கீரே' என்றால் அறிதல். அறியாதவன். நம்மிடம் அஞ்ஞானி என்ற சொல் அமைந்த மாதிரியே அமைந்தது. அந்த ஸ்கீரேயிலிருந்துதான் சயின்ஸும் வந்தது. ஆக, சயின்ஸும் நைஸும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று அறிவு, இன்னொன்று அறியாமை.

பழைய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது நைஸ் என்றால் முட்டாள். ஒருவரை நைஸ் என்று சொன்னால் அடிக்க வந்திருப்பார். பிறகு எளிதில் கூசுகிறவர், எதைக் கண்டாலும் முகம் சுளிக்கிறவர். அடுத்தது நொய்மையானது, மென்மையானது. 1500களில் நுணுக்கமானது, துல்லியமானது. கடைசியாக இனிமையானது, அன்பானது. இடையில் 'அற்பமான' என்ற பொருளும் வந்து போயிருக்கிறது. ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட் கடைசி அங்கத்தில் சேராமல் போகிற கடிதம் 'நைஸ் அல்ல' என்று ஒரு பாத்திரம் பதறுகிறது. கடிதம் இனிமையானதல்ல என்று படித்தால் காரியம் கெட்டது. அற்பமானதல்ல, கனமான சங்கதி என்றுதான் அர்த்தம்.

முட்டாளிலிருந்து மென்மைக்கு எப்படிப் போக முடியும் என்று ரொம்ப நாள் எனக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டது ஆங்கிலத்தால் இல்லை, தமிழால். 'மடம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்கிறோமே, அந்த மடம். அடிப்பொருள் அறியாமை. மடமை, மடையன் எல்லாம் அதன் சொந்தக்காரர்கள். ஆனால் பழைய பாடல்களில் மடமான், மடப்பிடி, மடமகள் என்று வருகிற இடத்தில் உரையாசிரியர்கள் முட்டாள் மான் என்று எழுதவில்லை. இளமை, மென்மை என்றுதான் பொருள் கொண்டார்கள். அறியாமையிலிருந்து வெகுளித்தனம், அதிலிருந்து இளமை, அதிலிருந்து மென்மை. நைஸ் ஏறிய அதே படிக்கட்டு. 'பேதை'யும் இப்படித்தான். ஒரு பக்கம் அறிவிலி, இன்னொரு பக்கம் ஐந்திலிருந்து ஏழு வயது வரையுள்ள சிறுமி.

ஆங்கிலத்திலேயே 'ஃபாண்ட்' இருக்கிறது. முதலில் அறிவு மழுங்கியவன், இன்றைக்கு ஒருவர்மேல் பிரியம் வைத்தவர். எதிர்த்திசையில் போனது 'சில்லி'. ஆசி பெற்றவன் என்று தொடங்கியது. அப்பாவி, பரிதாபத்துக்குரியவன் என்று இறங்கி, இன்றைக்கு அசட்டுத்தனத்தில் வந்து நிற்கிறது.

ஜனவரி 13, இரவு

மேலே 'வெகுளித்தனம்' என்று நானே எழுதியிருப்பதை இப்போதுதான் கவனித்தேன். வெகுளி என்றால் கோபம். திருக்குறளில் கோபம் கொள்ளாமைக்கான அதிகாரத்தின் பெயரே வெகுளாமை. இன்றைக்கு வெகுளி என்றால் சூதுவாது தெரியாதவன், கோபமே வராதவன்! சொல் வரலாறு பற்றி எழுதுகிற இடத்திலேயே அது நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டதில் எனக்கு ஒரே சந்தோஷம்.

ஜனவரி 14

மடம் பற்றி எழுதியதற்கு ஒரு வாசகி கோபமாகக் கேட்டிருக்கிறார்: பெண்ணுக்கு அறியாமையே அழகு என்று வைத்ததை மென்மை என்று பூசி மெழுகலாமா?

கூடாது. நேற்றைய குறிப்பில் அதைச் சொல்லாமல் விட்டது என் தவறு. பெண் யானைக்கு 'மட' என்று போடுவது வேறு, பெண்ணின் குணமாக வைப்பது வேறு. தெரிந்தும் தெரியாதது போல இருத்தல் என்று மடத்துக்குச் சிலர் விளக்கம் சொல்வதுண்டு. அந்த விளக்கம் எனக்கு இன்னும் சங்கடமாக இருக்கிறது. ஒரு சொல் மென்மையாகும்போது யாருடைய தலையில் அந்த மென்மையைக் கட்டுகிறார்கள் என்று பார்க்கத்தான் வேண்டும். ஆங்கிலத்தில் 'நைஸ் கேர்ல்' என்ற தொடரும் அதே இடத்தில்தான் எனக்கு உறுத்தும். சொன்ன பேச்சைக் கேட்கிற பெண், குரல் உயர்த்தாத பெண் என்பதை இனிமை என்று பேர் சூட்டிவிடுகிறது.

ஜனவரி 15

தமிழ் நைஸுக்கு வருவோம். இதைத்தான் எழுத ஆசைப்பட்டேன்.

நாம் ஆங்கிலச் சொல்லைக் கடன் வாங்கினோம், சரி. ஆனால் தமிழில் நைஸ் என்றால் இனிமை என்று மட்டுமா அர்த்தம்? தச்சர் மரப்பலகையை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு உள்ளங்கையால் தடவிப் பார்க்கிறார். ஒரு சிலும்பும் தட்டவில்லை. "இப்பதான் நைஸா வந்திருக்கு" என்கிறார். மருந்தை உரலில் இடிக்கும்போது கரகரப்பு போய்த் தூசு மாதிரி ஆனால் நைஸ். துணி மெல்லிசாக, வழுவழுப்பாக இருந்தால் நைஸ். இதெல்லாம் மென்மை, நுண்மை, மெலிவு. ஆங்கிலேயர் பேச்சில் பின்னுக்குப் போய்விட்ட பொருளுக்கு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது பாருங்கள்! பழைய நைஸைக் கேட்டே இது இங்கே வந்ததா, இல்லை வழுவழுப்பு கண்ணுக்கு இனிமை என்ற வழியில் தானாக வந்ததா என்பது எனக்குத் தீராத ஆசைக் கேள்வி.

அப்புறம் அந்த இன்னொன்று. 'நைஸாக நழுவினான்.' 'நைஸாகக் கேட்டுப் பார்.' 'நைஸ் பண்ணி வாங்கிவிட்டாள்.' இதற்கு ஆங்கிலத்தில் ஈடு கிடையாது. இங்கே சத்தமில்லாமை இருக்கிறது, சாமர்த்தியம் இருக்கிறது, கொஞ்சம் கள்ளமும் இருக்கிறது. 'ஹீ நைஸ்லி எஸ்கேப்ட்' என்று ஆங்கிலத்தில் எழுதினால் படிக்கிறவருக்கு இந்த வாசனை துளியும் போகாது.

தமிழில் 'நை' என்ற வினை இருக்கிறதே, நைந்த துணி, நையப் புடைத்தல் என்கிறோமே, அதிலிருந்துதான் இந்த நைஸ் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். இது கடன் சொல்லே இல்லையோ?

ஜனவரி 17

இரண்டு நாளாக உறுத்துகிறது. 'நை'யிலிருந்து நைஸ் வந்தது என்று எழுதியது அவசரம். நைதல் என்றால் இழை இற்றுப்போதல், குழைதல், கெடுதல். நைந்த துணி கிழியப் போகிற துணி, நைஸான துணி விரும்பி வாங்குகிற துணி. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டக் கூடாது. தமிழில் ஒரு வினை இப்படி ஸகர மெய்யில் முடிகிற சொல்லைப் பெறுவதும் இல்லை. அது கடன் சொல்தான். ஒலி நம் காதுக்குப் பழகிய மாதிரி இருந்ததால் சீக்கிரம் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

ஆனால் 'நைஸாகப் பேசி' என்பதற்கு இன்னொரு பக்கத்துச் சொந்தம் இருக்கிறது என்று ஒருவர் எடுத்துக் கொடுத்தார்: நைச்சியம். 'நைச்சியமாகப் பேசிக் காரியத்தைச் சாதித்தான்' என்று எழுதுகிறோம். அந்தச் சொல் வடமொழி 'நீச'விலிருந்து வந்தது. நீசத்தன்மை, தாழ்மை. வைணவ மரபில் அடியவர் தன் சிறுமையைச் சொல்லி இறைவன் முன் உருகுவதற்கு நைச்சியானுசந்தானம் என்று பேர். உயர்ந்த பொருள். அதே சொல் தெருவுக்கு வந்து, காரியம் ஆகும்வரை குழைந்து பேசுவது என்று ஆகிவிட்டது. 'நைஸாகப் பேசி' என்றும் 'நைச்சியமாகப் பேசி' என்றும் இன்றைக்கு மாற்றி மாற்றிச் சொல்கிறோம். வெவ்வேறு கண்டத்தில் பிறந்த இரண்டு சொற்கள் ஒரே வாய்க்குள் வந்து கைகோத்துக்கொண்டன. மலையாளத்திலும் 'நைஸாயிட்டு' என்றால் சத்தமில்லாமல், சாமர்த்தியமாக என்ற சாயல் உண்டு.

ஜனவரி 19

'நைஸ் அண்ட் வார்ம்' என்பதை 'இனிமையாகவும் சூடாகவும்' என்று பெயர்த்திருப்பதை ஒரு புத்தகத்தில் பார்த்தேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அங்கே 'அண்ட்' இணைக்க வரவில்லை. நைஸ் அண்ட் வார்ம் என்றால் நல்ல கதகதப்பு. நைஸ் அண்ட் ஸ்லோ என்றால் நல்ல நிதானம்.

நம்முடைய 'நல்ல' இந்த வேலையை எவ்வளவு அழகாகச் செய்கிறது என்று நாம் யோசிப்பதே இல்லை. நல்ல மழை. நல்ல தூக்கம். நல்ல இருட்டு. நல்ல தலைவலி. தலைவலியில் என்ன நன்மை? அளவு பெரியது என்பதற்குத்தான் 'நல்ல'. ஆங்கில நைஸ் அப்படி வலியோடு ஒட்டாது. தலைவலியைப் போய் நைஸ் என்றால் சொன்னவரைப் பார்த்து விழிப்பார்கள். நாம் பாம்பையும் நல்ல பாம்பு என்றோம், அது அச்சத்தில் வைத்த மரியாதை. அந்தப் பழக்கம் நைஸுக்குக் கிடையாது.

இடித்துச் சொல்லும்போது இரண்டும் மறுபடி சேர்கின்றன. 'நல்லா இருக்கு உங்க நியாயம்!' என்பதும் கையைக் கட்டிக்கொண்டு 'வெல், தட்ஸ் நைஸ்' என்பதும் ஒரே அடி. குரல் இறங்குகிற இடத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எழுத்தில் குரல் வராது. ஆகவே மின்னஞ்சலில் 'நைஸ்' என்று ஒற்றைச் சொல்லாகப் பதில் போடுகிறவர்களை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், கூட இன்னொரு வார்த்தை எழுதுங்கள்.

ஜனவரி 20

சின்னச் சந்தேகம் ஒன்றுக்குப் பதில். முதன்முதலில் ஒருவரைப் பார்க்கும்போது 'நைஸ் டு மீட் யூ'. பேசி முடித்துப் பிரியும்போது 'நைஸ் மீட்டிங் யூ'. ஏற்கெனவே தெரிந்தவர் என்றால் மீட்டுக்குப் பதில் 'ஸீ'. இரண்டாம் தடவை பார்ப்பவரிடம் 'நைஸ் டு மீட் யூ' என்றால், முதல் சந்திப்பை நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று அவர் நினைப்பார்.

ஜனவரி 24

பள்ளியில் கட்டுரை எழுதும்போது நைஸ் என்ற சொல்லையே தொடக் கூடாது என்று ஆசிரியர் தடை போட்டார், அது சரியா என்று கேள்வி.

சரி என்பதுதான் என் பதில். சோம்பேறிச் சொல். நைஸ் வீடு, நைஸ் பயணம், நைஸ் மனிதர், நைஸ் சட்டை. எதைப் பார்த்தீர்கள், எது பிடித்தது என்று ஒரு வரிகூடச் சொல்லாமல் தப்பிக்க உதவுகிற சொல். இந்தக் குறை புதிதும் இல்லை. ஜேன் ஆஸ்டின் இறந்த 1817ஆம் ஆண்டின் கடைசியில் வெளியான நார்த்தேங்கர் அபி நாவலிலேயே ஹென்றி டில்னி இதற்காகக் கதாநாயகியைக் கேலி செய்கிறான். எல்லாவற்றுக்கும் பொருந்துகிற சொல்லாக இதை ஆக்கிவிட்டார்கள் என்பதே அவன் குறை. இனிமைப் பொருள் பிறந்து ஐம்பது வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

ஜனவரி 25

நேற்று சொன்ன தீர்ப்புக்கு வலு சேர்க்க ஒரு அனுபவம். என்னிடம் இரண்டு வருடம் வேலை கற்ற ஒரு பெண்ணுக்காக ஆங்கிலத்தில் பரிந்துரைக் கடிதம் எழுதினேன். மனதார எழுதினேன். 'வெரி நைஸ் பர்சன்' என்று முதல் பத்தியிலேயே போட்டேன், கடைசியில் இன்னொரு தடவையும். அந்த வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை. அதற்கு என் கடிதம்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது? ஆனால் வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பிய நண்பரிடம் கடிதத்தின் நகலைக் காட்டியபோது, அவர் முகம் போன போக்கு மறக்காது. திறமை பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லாதபோதுதான் அங்கே இப்படி எழுதுவார்கள் என்றார். அவள் ராத்திரி பகலாக உட்கார்ந்து நானூறு பக்கக் கலைச்சொற்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சரிசெய்தவள். ஒரு சொல்லுக்கு மூன்று தமிழ் வழக்கு இருந்தால், எது எந்தத் துறையில் செல்லும் என்று ஓரத்தில் குறித்து வைப்பாள். அதை எழுதியிருக்க வேண்டிய இடத்தில் நைஸ் என்று எழுதி வைத்தேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், அடுத்த கடிதத்தில் அந்த நானூறு பக்கத்தைத்தான் எழுதினேன்.

ஜனவரி 27

இன்னும் ஒரு தடவை மனசு மாறுகிறது. தடை சரி என்று சொன்னது எழுத்துக்கு மட்டும்தான் பொருந்தும். பேச்சில் நைஸ் வேண்டும்.

யாரோ ஒருவர் தன் குழந்தை வரைந்த படத்தைக் காட்டுகிறார். 'அற்புதம்' என்றால் பொய்யாகத் தொனிக்கும், 'கோடு உறுதியாக இருக்கிறது' என்றால் பரீட்சை வைத்த மாதிரி இருக்கும். நைஸ் என்றால் போதும், பார்த்தேன், சந்தோஷம் என்று அவருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். தமிழில் 'நல்லாருக்கு' என்பதற்கும் இதே வேலை. அதன் பொருள் மழுங்கியிருப்பதே அங்கே உதவுகிறது. கூர்மையான சொல்லை எல்லா இடத்திலும் நீட்டக் கூடாது.

அன்பு வேறு, நைஸ் வேறு என்பதையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 'கைண்ட்' என்றால் நமக்காக எதையாவது செய்வார். நைஸ் என்றால் முகம் கோணாமல் பழகுவார். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

ஜனவரி 28

கணினித் துறையில் இருக்கும் ஒருவர் யுனிக்ஸ் இயங்குதளத்தில் 'நைஸ்' என்றே ஒரு கட்டளை இருப்பதை நினைவூட்டினார். எனக்கும் அது ரொம்பப் பிடிக்கும். ஓடுகிற ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு நைஸ் எண் உண்டு, லினக்ஸில் கழித்தல் 20 முதல் 19 வரை. எண் கூடக் கூட அந்த நிரல் மற்றவற்றுக்கு வழிவிட்டுப் பின்னால் நிற்கும். எண் எதுவும் சொல்லாமல் ஒரு நிரலின் பேருக்கு முன்னால் நைஸ் என்று மட்டும் போட்டு ஓட்டினால் 10 கூடும். இதில் எனக்குப் பிடித்த விஷயம், சாதாரணப் பயனர் தன் நிரலை இன்னும் விட்டுக்கொடுக்க வைக்கலாம், ஆனால் எண்ணைக் குறைத்து முன்னால் தள்ள வழக்கமாக அனுமதி கிடையாது, அதற்கு நிர்வாகி வர வேண்டும். நான் ஜனவரி 9 இரவு அந்தத் தங்கைக்குக் கொடுத்த தவறான பொருள், விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துக் கடைசியில் நிற்பவள், இங்கேதான் அச்சாகப் பொருந்துகிறது.

பிப்ரவரி 2

கேள்வி கேட்டவரை இத்தனை நாள் காக்க வைத்துவிட்டேன். விடை ஜனவரி 13 குறிப்பிலேயே கிடந்திருக்கிறது, நான்தான் தாண்டிப் போயிருக்கிறேன். 'எதைக் கண்டாலும் முகம் சுளிக்கிறவர்' என்று எழுதினேனே, அந்த இடைப்பட்ட பொருள்தான். 1741இல் அது நல்ல புழக்கத்தில் இருந்தது. இந்தப் பொருளில் 'டூ நைஸ்' என்றால், அவளுக்கு எவரிடமும் ஏதாவது ஒரு குறை தெரிந்துவிடும், யாரும் எளிதில் தேற மாட்டார்கள்.

தமிழில் என்ன போடுவது? 'நுட்பமானவள்' வேண்டாம், அது புகழ்ச்சி ஆகிவிடுகிறது. 'கறாரானவள்' என்று போட்டுப் பார்த்தேன், பணம் வசூலிக்கிற ஆள் மாதிரி இருக்கிறது. 'நொரநாட்டியம் பிடித்தவள்' என்பது பொருளில் ரொம்பக் கிட்டத்தில் வருகிறது, சொல்லும்போதே அந்த முகச்சுளிப்பு தெரிகிறது. ஆனால் அதில் எரிச்சல் ஜாஸ்தி. நீங்கள் அனுப்பிய மீதி வரிகளைப் படித்தால் அக்காவுக்குத் தங்கைமேல் எரிச்சல் இல்லை, கவலைதான் இருக்கிறது. கவலைப்படுகிற அக்கா அப்படிச் சொல்ல மாட்டாள்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: 'சிநேகம் என்று வந்துவிட்டால் அவளுக்கு லேசில் யாரையும் மனசு ஒப்பாது. அதனால்தான் தனியாக இருக்கிறாள்.'

'டூ'வுக்குத் தனியாகச் சொல் போடவில்லை. 'லேசில்' என்பதிலும் 'வந்துவிட்டால்' என்பதிலும் அது இறங்கிவிட்டது என்று நினைக்கிறேன். கடிதத்தில் இதே சொல் வேறெங்காவது வந்தால், முன்னும் பின்னும் இரண்டு வரியோடு போடுங்கள். இந்தத் தடவை ஆண்டையும் சேர்த்து.